எண்பத்து நான்கு கிலோ தைரியம்

மின்விசிறி செய்கிற அந்தத் தொழிற்சாலையில் விசிறி சுற்றாத இடம் சமையல்கூடம் ஒன்றுதான். காற்றடித்தால் அடுப்பு அணைந்துவிடும் என்பது நிர்வாகம் சொன்ன காரணம். காரணம் சரியோ தப்போ, ஆறு பெரிய அடுப்புகளுக்கு நடுவே காலை ஆறரை மணியிலிருந்து வேர்த்து வடிந்துகொண்டு நிற்பது கரண்டியக்காவின் பாடு. இருநூற்று எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு. பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூட, மணி அடித்த பிறகு சோறு வெந்துகொண்டிருந்தது என்ற பேச்சு வந்ததில்லை.

கரண்டியக்கா என்ற பெயரை, விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் யாரோ வைத்தார்கள். அவள் வாயைவிட அதிகம் பேசுவது கரண்டிதான். அண்டாவின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் சோறு இறங்கிவிட்டது. இரண்டு தட்டினால் குழம்பு தயார். மூன்று தட்டினால் யாருக்கோ திட்டு காத்திருக்கிறது. வாசலில் தட்டோடு நிற்கிறவர்கள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.

ஐம்பத்தோரு வயது. எண்பத்து நான்கு கிலோ. நடந்தால் தரை அதிரும் என்று கிண்டல் செய்வார்கள். "அதிரட்டும், உங்க விசிறிக்கெல்லாம் அதுதான் சோதனை" என்பாள் அவளும் விடாமல். தன் எடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவளுக்குக் கோபம் வராது. உண்மையில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்குக் காரணம் அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் கணவர் பூட்டு பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். திடீரென்று இளைக்க ஆரம்பித்தார். முந்தைய வருடம் தைத்த சட்டை, கொடியில் காயப்போட்ட மாதிரி அவர் மேலேயே தொங்கியது. கடைசியாக ஒரு மருத்துவமனையில் எச்.ஐ.வி. என்று சொன்னார்கள். எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை. கேட்டுச் சண்டை போட அவளுக்கு அவகாசமும் கிடைக்கவில்லை, எட்டே மாதத்தில் போய்விட்டார். அவளைப் பரிசோதித்தபோது அவளுக்கும் இருந்தது. ஐந்து வயது மகளுக்கு இல்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கிய நாளில், தனக்கு இருக்கிறது என்பதைவிடப் பிள்ளைக்கு இல்லை என்பதைத்தான் அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், பக்கத்தில் தரை கழுவிக்கொண்டிருந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் அந்த எட்டு மாதம் அவளுக்கு வேறு ஒன்றையும் கற்றுக்கொடுத்திருந்தது. தெருவில் யாரும் மருத்துவத் தாளைப் பார்த்து அவர்களை ஒதுக்கவில்லை. கணவரின் கன்னத்தைப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள். "ஆள் உருகிப் போறாரே, என்னவா இருக்கும்?" என்று ஆரம்பித்த பேச்சு, வீட்டுச் சொந்தக்காரர் வந்து "வேற இடம் பாத்துக்குங்கம்மா" என்று சொன்னதில் போய் முடிந்தது. புது ஊருக்கு மகளோடு வந்து சேர்ந்தபோது அவள் ஒரு முடிவோடு வந்தாள். என்ன ஆனாலும் இளைக்கக் கூடாது.

மாத்திரையை அவள் ஒரு வேளை தவறவிட்டதில்லை. அதோடு சாப்பாட்டையும் ஒரு மருந்தாகவே எடுத்துக்கொண்டாள். வெண்ணெய், முட்டை, பொரித்த மீன், அடிச்சோற்றில் ஊற்றிப் பிசைந்த மிச்ச எண்ணெய் என்று எதையும் விடவில்லை. ஆரம்பத்தில் மருத்துவரே "நல்லா சாப்பிடுங்க, உடம்பைத் தேத்துங்க" என்றுதான் சொன்னார். தேற்றினாள். நாற்பத்தொன்றிலிருந்து அறுபது, அறுபதிலிருந்து எழுபத்தைந்து, பிறகு எண்பத்து நான்கு. ஒவ்வொரு கிலோவும் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருந்தது. இந்த உடம்பைப் பார்த்து யார் என்ன சந்தேகப்பட முடியும்?

எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கிற மருந்து மையத்து மருத்துவர் நரைத்த மனிதர். அவளை முதல் நாளிலிருந்தே பார்த்துவருகிறவர். போன வருடம் ஒரு நாள் பரிசோதனைத் தாள்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தார்.

"வைரஸ் விஷயத்துல நீங்க முதல் மதிப்பெண் வாங்கிட்டீங்கம்மா. பத்து வருஷத்துக்கு மேல அது கண்ணுலயே படல. அதால இனிமே உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்குவேன். எனக்கு இப்ப பயம் வேற இடத்துல."

"எங்க சார்?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "கொழுப்பு ஏறிக்கிடக்கு. ரத்த அழுத்தம் ஏறிக்கிடக்கு. உங்க மாதிரி ரொம்ப வருஷமா இதோட இருக்கறவங்களுக்கு, வைரஸ் அடங்கிக் கிடந்தாலும் உடம்புக்குள்ள ஒரு சின்ன புகைச்சல் இருந்துட்டேதான் இருக்கும். அது ரத்தக் குழாயை அரிக்கும். முன்ன சாப்பிட்ட பழைய மாத்திரைங்க சிலதும் கொழுப்பைக் கூட்டியிருக்கும். மத்தவங்களவிட நாம நெஞ்சை அதிகமா கவனிக்கணும்."

"இத்தனையைத் தாண்டி வந்துட்டேன், இந்தக் கொழுப்பு என்னை என்ன சார் பண்ணிடும்?" என்று அவள் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. எதிர் அறையில் புதிதாக வந்திருக்கும் உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சீட்டு எழுதிக் கையில் திணித்தார்.

உணவு ஆலோசகர் என்றால் யாரோ பெரிய ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். உள்ளே தன் மகளைவிட இரண்டு மூன்று வயது கூடின ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேசையில் அளவுக் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தாள்.

"தினமும் என்னென்ன சாப்பிடறீங்கன்னு சொல்லுங்கம்மா."

"காலையில டீ. மதியம் கொஞ்சம் சோறு. ராத்திரி கொஞ்சம் ரொட்டி. அவ்வளவுதான் கண்ணு. நமக்குச் சாப்பிட எங்க நேரம்?"

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். "அப்ப எண்பத்து நாலு கிலோவும் காத்துலயா வந்துச்சு?"

கரண்டியக்காவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். தன்னிடமே ஒருத்தி இப்படிப் பேசுகிறாளே!

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"சமையல்."

"எத்தனை தடவை ருசி பாப்பீங்க?"

"அது சாப்பாட்டுக் கணக்குல வருமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு வேலை கொடுத்தாள். நாளைக்கு ஒரு டம்ளரை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் விட்டு நக்கினாலும் சரி, ஓரத்துப் பொரியலைக் கிள்ளி வாயில் போட்டாலும் சரி, ஒவ்வொரு தடவைக்கும் டம்ளரில் ஒரு பயறு. மறுநாள் மதியம் மணி அடிக்கும்போது கரண்டியக்கா டம்ளரைக் கவிழ்த்து எண்ணினாள். அறுபத்து மூன்று. தப்பாக எண்ணிவிட்டோம் என்று மறுபடி எண்ணினாள். அறுபத்து மூன்றேதான். அத்தனையும் உப்பு கரித்து எண்ணெய் மேலே மிதக்கிற நேரத்துச் சொட்டு.

இரண்டு வாரம் கழித்து டம்ளரோடு போய் நின்றவளிடம் அந்தப் பெண், உப்பைப் பாதியாக்குவது, பொரித்ததை வாரத்துக்கு ஒரு நாளாக்குவது, தட்டில் பாதி காய்கறி, பயறு, வேகவைத்த மீன், சாயங்காலம் அரை மணி நடை என்று பொறுமையாகச் சொன்னாள். கடைசியில் "எடையில ஒரு பதினைந்து கிலோ இறங்கினா நெஞ்சு உங்களுக்கு நன்றி சொல்லும்" என்றாள்.

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கரண்டியக்கா பட்டென்று எழுந்துவிட்டாள். "மத்ததெல்லாம் சரி. இளைக்கறது மட்டும் முடியாது."

"ஏம்மா?"

நின்றபடியே கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். கணவர் மேல் கொடியில் போட்ட மாதிரி தொங்கின சட்டையைச் சொன்னாள், வீட்டுச் சொந்தக்காரர் வந்து நின்றதைச் சொன்னாள். "இளைச்சா தெரிஞ்சுடும் கண்ணு."

அந்தப் பெண் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். "உங்க வீட்டுக்காரரை நோய் தின்னுச்சும்மா. அவர்கிட்ட யாரும் கேக்கல. இது நீங்களா பார்த்து இறக்கி வைக்கிற சுமை. நிறுத்தணும்னா நிறுத்தலாம். நடுவுல பயம் வந்தா என்கிட்ட வாங்க. எனக்குக் கோப்பையை அளக்க மட்டும்தான் தெரியும்னு நினைக்காதீங்க."

கரண்டியக்கா சரி என்று ஒத்துக்கொண்டு வந்ததில் வீட்டில் மகள் சந்தோஷப்பட்டாள். கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், எதையும் நேராகப் பார்க்கப் பழகியவள். அம்மாவின் நோய் பதினாறு வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். அன்றைக்கே வீட்டு எண்ணெய்ப் புட்டியின் மேல் கோடு போட்டு, இந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு வாரத்தில் போகக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள்.

தொழிற்சாலையில் ருசி பார்க்க வேறு ஆள் வேண்டுமே? காய் நறுக்கும் ரேடியோவைக் கரண்டியக்கா கூப்பிட்டாள்.

ரேடியோ என்ற பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. காலையில் வெங்காயத்தை எடுத்தால் அதோடு யார் வீட்டுச் சங்கதியையாவது நறுக்க ஆரம்பிப்பாள். மதியத்துக்குள் அது காயில் சுற்றும் பிரிவு, வண்ணம் பூசும் பிரிவு எல்லாம் சுற்றிவந்து, இரண்டு கை இரண்டு கால் முளைத்து அவளிடமே திரும்பி வரும். அவளே ஆச்சரியத்தோடு கேட்டுக்கொள்வாள். கெட்டவள் இல்லை. தன் சாப்பாட்டைப் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவாள், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் போய் நிற்பாள். நாக்குதான் அடங்காது.

ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. மூச்சு வாங்காமல் சரக்கறைப் படியேறினாள். முழங்கால் வலி தானாகவே போனது. ஒரு சாயங்காலம் நடந்துவிட்டு வந்து, பேருந்து நிறுத்தத்தில் நின்ற மகளைப் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தபோது, "அம்மா, நீ ஓடிவந்தியா?" என்று மகள் வாயைப் பிளந்தாள்.

அந்த வாரமே ரேடியோ சொன்னாள்: "அக்கா, கன்னம் ஒட்டிப்போச்சே. உடம்புக்கு ஏதாவதா?"

கரண்டியக்காவின் கை அண்டாவுக்கு மேலேயே நின்றுவிட்டது. "வேலைக் களைப்பு" என்றாள். இரண்டு நாளில் மேஸ்திரி கேட்டார். மூன்றாம் நாள் வாசல் காவலாளி கேட்டார். கிடங்கில் யாரோ "பெரிய வியாதியாம்" என்று சொல்வது காதில் விழுந்தது. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தெரு அப்படியே எழுந்து சமையல்கூடத்துக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அவள் செய்த காரியம் இன்றைக்கு நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும். உள்ளே ஒரு தடித்த பாவாடைக்கு மேல் இன்னொன்று, ரவிக்கைக்கு மேல் ஒரு பழைய ரவிக்கை என்று அடுக்கிப் போட்டுக்கொண்டு அந்த அனலில் நின்றாள். அதுவும் போதாது என்று தோன்றியபோது மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். உணவு ஆலோசகரிடம் போவதை நிறுத்தினாள். மாத்திரை வாங்க மகளை அனுப்பினாள். பொரித்த மீனைக் கல்லிலிருந்தே எடுத்துத் தின்றாள். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ திரும்பி வந்தது. கேள்விகள் நின்றன. அன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

பிறகு ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணி. சோறு வடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தாடையில் ஒரு வலி. பல்வலி என்று நினைத்தாள். குமட்டியது. முதுகுக்கு நடுவே யாரோ ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு பாரம். வேர்வை என்றால் அப்படி ஒரு வேர்வை, அதுவும் சில்லென்று. இரட்டைத் துணியின் புழுக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கரண்டியை எடுத்தாள். கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்தது.

அந்தச் சத்தத்துக்கு ரேடியோ திரும்பிப் பார்த்தாள். "அக்கா!"

"ஒண்ணுமில்லடி, வாயு. கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

"வாயுவாவது ஒண்ணாவது. உன் உதடு வெளுத்துக்கிடக்கு. எங்கண்ணன் இப்படித்தான் வாயு வாயுன்னு உக்காந்து போய்ச் சேர்ந்தான்."

பேசிக்கொண்டே ரேடியோ அடுப்புகளை வரிசையாக அணைத்துவிட்டாள். வெளியே கோஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த காய்கறி வண்டிக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். மிச்ச மூட்டைகளுக்கு நடுவே கரண்டியக்காவைச் சாய்த்து, அவள் பையையும் எடுத்துக்கொண்டு தானும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க ரேடியோ பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று இருவருக்கும் நினைவில்லை. அந்தக் குரல் நின்றுவிடக் கூடாதே என்று மட்டும் கரண்டியக்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவசரப் பிரிவில் படுக்கவைத்து நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். கருவி வரைந்து கொடுத்த தாளைப் பார்த்த இளம் மருத்துவர் மாரடைப்பு என்றார். ரேடியோ கால்மாட்டில் நின்று ஜில்லிட்டுப்போன பாதங்களைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?"

"பிரஷருக்கு ஒண்ணு."

"வேற?"

கரண்டியக்காவின் கண் ரேடியோ மேல் போய்த் திரும்பியது. "வேற எதுவும் இல்ல."

மருத்துவர் குனிந்து நிதானமாகச் சொன்னார்: "இப்ப நாங்க சில மருந்து குடுக்கப் போறோம். கொழுப்புக்கும் ஒண்ணு ஆரம்பிக்கணும். சில மாத்திரையும் சில மாத்திரையும் ஒண்ணா சேரக் கூடாது. தெரியாம குடுத்துட்டா ஆபத்து. அதான் திரும்பக் கேக்கறேன்."

ரேடியோவை வெளியே போகச் சொல்லலாம் என்று தோன்றியது. ஆனால் அந்தக் கை பாதத்தை விட்டுவிட்டால் தான் எங்கேயோ வழுக்கிப் போய்விடுவோம் என்றும் தோன்றியது. மகளை நினைத்தாள். டம்ளரில் பயறு போட்டு எண்ணச் சொன்ன பெண்ணை நினைத்தாள். அத்தனை பேர் இத்தனை வருடம் இழுத்துப் பிடித்துக் காப்பாற்றிய உயிரை வெட்கத்துக்குப் பலி கொடுப்பதா?

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு டாக்டர். பத்தொன்பது வருஷமா மாத்திரை சாப்பிடறேன். பைக்குள்ள சீட்டு இருக்கு."

பாதத்தில் கை நின்றது.

கரண்டியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணம், வலியைவிட அது நீளமாக இருந்தது. பிறகு அந்தக் கை மறுபடி தேய்க்க ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக. "பையை நான் தர்றேன் டாக்டர்" என்று ரேடியோவின் குரல் கேட்டது.

மருத்துவர் சீட்டைப் படித்தார், மருந்து மையத்துக்குத் தொலைபேசியில் பேசினார், சேர்கிற மாத்திரையாகப் பார்த்து எழுதினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சும்மா" என்றார். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அடைத்திருந்த இடத்தில் ஸ்டென்ட் என்ற சின்னச் சல்லடைக் குழல் ஒன்றைப் பொருத்தினார்கள். அன்று மதியம் தொழிற்சாலையில் எல்லோரும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் காலை ஒரு உதவியாளர் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துவந்து, மேசையை இழுத்து, கரண்டியைக் கையில் கொடுத்தார். உப்பு இல்லை, காரம் இல்லை, எண்ணெய் இல்லை. ஒரு வாய் வைத்ததும் கரண்டியக்காவுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"நல்லா இல்லையாம்மா?" என்று அவர் பதறினார்.

"நல்லா இருக்குப்பா. இன்னொருத்தர் சமைச்சு, கையில குடுத்து, நான் உக்காந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?" கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

ரேடியோ இரண்டு நாள் வரவில்லை. "இந்நேரம் எல்லாப் பிரிவுக்கும் போயிருக்கும்" என்று கரண்டியக்கா கூரையைப் பார்த்துச் சொன்னாள். மகள் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "போனா போகட்டும்மா. நீ இருக்கே, எனக்கு அது போதும். வேற வேலை, வேற வீடு பாத்துக்கலாம். ரேடியோ சித்தி உன்னை வண்டியில ஏத்தலன்னா நான் இப்ப யாருக்கு உரிச்சுக் குடுப்பேன்?" என்றாள்.

மூன்றாம் நாள் ரேடியோ வந்தாள். கையில் தூக்குப் பாத்திரம். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருப்பதைக் கரண்டியக்கா அன்றுதான் பார்த்தாள். பயமாக இருந்தது.

"திட்டணும்னா திட்டிடுடி. இப்படி உம்முன்னு உக்காராதே."

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. அன்னிக்கு எனக்கு உசிரே போயிடுச்சு. ஒரே டம்ளர்ல டீ குடிச்சோம், ஒரே தட்டுல சாப்பிட்டோம். வெளிய போய் ஒரு நர்ஸைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரு மணி நேரம் கேட்டேன் அவளை. டீயில வருமா, தட்டுல வருமா, தும்மினா வருமா, கையப் பிடிச்சா வருமான்னு. எதுலயும் வராதுன்னா. ஒழுங்கா மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட இருந்து ஒண்ணும் வராதுன்னு அடிச்சு சொன்னா. அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன். ரெண்டு நாளா உன் முகத்துல முழிக்க வெட்கமா இருந்துச்சு."

"உனக்கென்னடி வெட்கம்?"

"கன்னம் ஒட்டிப்போச்சுன்னு கிளப்பிவிட்டது நான்தானே? அதுக்குத்தானே நீ மறுபடி கண்டதையும் தின்னே, ரெண்டு பாவாடை கட்டிக்கிட்டே? அன்னிக்கு இங்க துணி மாத்தும்போது பாத்தேன்க்கா. எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. என் நாக்கு உன் நெஞ்சை அடைச்சிருக்கு."

கரண்டியக்கா கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்சை அடைச்சது நான் தின்ன மீனு. காய்கறி வண்டியில ஏத்துனது நீ."

"யார்கிட்டயும் சொல்லலக்கா. என் வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல."

"நீயா?"

"ரேடியோன்னா அணைக்கிற பொத்தானும் இருக்கும்ல?" என்று ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு தூக்குப் பாத்திரத்தைத் திறந்தார்கள். வேகவைத்த பயறும் எலுமிச்சை பிழிந்த காயும். ஒரே தட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். உப்பு மருந்துக்குக்கூட இல்லை. ரேடியோ முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் பங்கை முடித்தாள்.

ஆறு வாரம் ஓய்வு. அதற்குள் ரேடியோ தொழிற்சாலை முழுக்க ஒரு செய்தியைப் பரப்பியிருந்தாள். அக்காவுக்கு நெஞ்சில் அடைப்பு, டாக்டர் எண்ணெயையும் உப்பையும் குறைத்து இளைக்கச் சொல்லியிருக்கிறார், போன வருடமே சொன்னாராம், நாமெல்லாம் கன்னம் கன்னம் என்று கேட்டு அந்த மனுஷியைக் கெடுத்துவிட்டோம். ஒரு வார்த்தை பொய் இல்லை. கரண்டியக்கா வேலைக்குத் திரும்பியபோது வாசல் காவலாளி எழுந்து நின்று, "இன்னும் கொஞ்சம் இளைக்கணும்க்கா, விட்டுடாதீங்க" என்றார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

மருந்து மையத்துக்குப் போனபோது உணவு ஆலோசகர் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பயம் வந்தா வாங்கன்னு சொன்னேனே" என்று மட்டும் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நரைத்த மருத்துவர் இதய மருத்துவரோடு பேசி, இரண்டு பேருடைய மாத்திரைகளையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் இப்போது அவள் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறாள்.

சமையல்கூடத்திலும் மாற்றம் வந்தது. அதை அவள் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஆறு எண்ணெய் டின் செலவான இடத்தில் ஐந்தானது, பிறகு நான்கானது. பொரித்த மீன் பூண்டும் மிளகும் தடவி ஆவியில் வெந்தது. உப்பைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டினாள். முதல் வாரம் காயில் சுற்றும் பிரிவிலிருந்து ஒருவர் தட்டோடு வந்து, "அக்கா, உப்பு இன்னிக்கு விடுமுறையா?" என்றார். "அரை நாள் வேலைக்குத்தான் வரும் இனிமே" என்றாள். மேசைமேல் உப்புக் கிண்ணம் வைத்தாள், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று. ஒரு மாதத்தில் கிண்ணத்துப் பக்கம் போகிற கைகள் குறைந்தன. கடைசல் பிரிவுக்காரர்கள் மட்டும் இன்றுவரை பையில் ஊறுகாய்ப் புட்டியோடுதான் வருகிறார்கள். அவர்களை அவள் விட்டுவிட்டாள். மேஸ்திரி ஒரு நாள் தனியாக வந்து, தானும் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்ததாகவும், தனக்கும் கொழுப்பு இருப்பதாகவும் ரகசியம்போலச் சொன்னார். "நல்ல வேளை பார்த்தீங்க" என்று அவள் அவருக்குக் காய்கறி ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றுகிற நாள் வந்தால் சொல்வாள். அது அவளுடைய விஷயம். ஆனால் அதை மறைக்க உடம்பைக் கேடயமாகப் பிடிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. அந்தத் தடித்த பாவாடைகளைக் கிழித்து அண்டா பிடிக்கிற துணியாக்கிவிட்டாள். சாயங்காலங்களில் அவளும் ரேடியோவும் தொழிற்சாலை மதிலைச் சுற்றி நான்கு சுற்று நடக்கிறார்கள். ரேடியோவுக்கு நடந்துகொண்டே பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால் அந்த அரை மணி நேரம் ஊருக்கே நிம்மதி என்று கரண்டியக்கா சொல்கிறாள்.

வேலைக்குத் திரும்பி எட்டு மாதம் கழித்து இதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கிற பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். எடை எழுபத்தொன்றில் நின்றிருந்தது. இருட்டான சின்ன அறை. இடதுபுறமாகப் படுக்கவைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்தினாள் பரிசோதனைக்காரப் பெண். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அது என்னம்மா?"

"அதுதான் உங்க இதயம். நல்லா சுருங்கி விரியுது பாருங்க. டாக்டர் பார்த்து சொல்வார், ஆனா எனக்குப் பார்க்க நல்லா இருக்கு."

கரண்டியக்கா தலையைத் திருப்பி அந்தத் திரையையே பார்த்தாள். அதற்கு யார் மேலும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. கணவர் போன நாளிலும், வீடு காலி செய்த நாளிலும், அனலில் இரட்டைத் துணியோடு நின்ற நாளிலும் இது இப்படியேதான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் விடுமுறை கேட்டதில்லை. பதினான்கு வருடம் சமையல்கூடத்தில் விடுமுறை எடுக்காததைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசியவள், தன்னைவிடப் பெரிய வேலைக்காரியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விசாரித்ததில்லையே என்று நினைத்தாள்.

"ரொம்ப உபகாரம் தாயே" என்றாள் மெல்ல.

"எனக்கு எதுக்கும்மா, இது என் வேலைதானே" என்றாள் அந்தப் பெண்.

"உனக்கும்தான் கண்ணு. ஆனா நான் அதுகிட்டச் சொன்னேன்" என்று திரையைக் காட்டினாள்.

அந்தப் பெண் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்துக் கரண்டியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் நெஞ்சு குலுங்கி, திரையில் இருந்த படம் முழுவதும் ஆடிப்போனது.

"ஐயோ, சிரிக்காதீங்கம்மா, படம் எடுக்க முடியல! ரெண்டே நிமிஷம் அசையாம இருங்க."

இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.